ரீஃபில் கடைக்கு மூணரை ஸ்டார், செவுத்துல இருந்த போஸ்டருக்கு ஒண்ணு

மொதல்லயே சொல்லிடுறேன், கடை பேரு போட மாட்டேன். குறையும் சேர்த்துதான் சொல்லப் போறேன், கடைக்கார ஆன்ட்டி நல்ல மனுஷி, அவங்க வியாபாரத்துல மண்ணு போடுற எண்ணம் இல்ல. மலேசியாவுல, பினாங்கு ஜார்ஜ்டவுன்ல பழைய கடைவீட்டுல இருக்கு, லிட்டில் இந்தியாலேர்ந்து நடந்தே போயிடலாம், தேடுறவங்களுக்கு கெடச்சிடும். பாட்டில் டப்பாலாம் நம்மளே தூக்கிட்டுப் போய் சோப்பு தண்ணி, பருப்பு, மசாலா, எண்ணெய்னு நெறப்பிக்கிட்டு எடைக்கு காசு குடுத்துட்டு வர்ற கடை. நாலு மாசமா போறேன், ஒரு நாள் பாத்துட்டு எழுதுற ரிவ்யூ இல்ல இது.

நான் அங்க போக ஆரம்பிச்சதுக்கு காரணம் என் தங்கச்சி மக. படிவம் ரெண்டு படிக்குது. ஸ்கூல் ப்ராஜெக்ட்டுன்னு ஒரு நாள் ஃபோன தூக்கிட்டு வந்து "மாமா, வாரத்துக்கு எத்தன தடவ கோழி சாப்பிடுவீங்க, ஏர்கோன் எத்தன மணி நேரம் ஓடும், காடி எவ்ளோ ஓட்டுவீங்க"ன்னு போலீஸ் மாதிரி விசாரிச்சு, கடைசில ஸ்க்ரீன் ஃபுல்லா செவப்பு கலர்ல என் கார்பன் கணக்க காட்டுச்சு. கூச்சமாப் போச்சு. அப்பறம்தான் ஒரு நாள் ராத்திரி சும்மா படிச்சுக்கிட்டு இருந்தப்ப தெரிஞ்சுது, தனி மனுஷனோட கார்பன் கணக்க போட்டுப் பாக்குற இந்த வேலைய 2004 வாக்குல பெரிய விளம்பரமா ஜனங்ககிட்ட கொண்டு போனது பிபி எண்ணெய் கம்பெனின்னு. பூமிக்கடியிலேர்ந்து எண்ணெய தோண்டி எடுத்து விக்கிறவன் என்கிட்ட வந்து நீ எவ்ளோ பொகை விட்டன்னு கேக்குறான். சிரிப்பும் வந்துச்சு, கடுப்பும் வந்துச்சு. ஆனா அதுக்குள்ள நான் ரீஃபில் கடைக்கு ரெண்டு தடவ போய் வந்துட்டேன்.

சரி கடைக்கு வருவோம். உள்ள நொழஞ்சா நல்ல வாசன, செரேவும் (எலுமிச்சைப் புல்) எலுமிச்சையும் கலந்த மாதிரி. கூட்டம் கெடயாது. மொதல்ல காலி டப்பாவ தராசுல வச்சு எடைய மார்க்கர்ல டப்பா மேலயே எழுதிடணும், அப்பறம் நெறப்பிட்டு திரும்ப நிறுத்தா டப்பா எடை கழிஞ்சு பில்லு வரும். மொத தடவ நான் எழுதாம நெறப்பிட்டேன், அங்க வேலை பாக்குற நம்ம ஊட்டு புள்ள ஒண்ணு ஓடி வந்து "அண்ணே அண்ணே, கண்ணாடி போத்தலுக்கும் சேத்து பருப்பு காசு கட்டப் போறீங்க"ன்னு காப்பாத்துச்சு. தமிழ்ல பேச ஒரு ஆள் இருக்குறது பெரிய சௌகரியம், எங்கம்மாவ கூட்டிட்டுப் போனப்ப அந்தப் புள்ளதான் பொறுமையா எல்லாத்தையும் தொறந்து மோந்து பாக்க விட்டுச்சு. சர்வீஸுக்கு முழு மார்க்கு.

இப்ப சாமான். பாத்திரம் கழுவுற சோப்பு தண்ணி 100 கிராம் 90 காசு. கேக்க சல்லிசா இருக்கும், ஆனா 900 கிராமுக்கு கணக்கு போட்டா எட்டு வெள்ளி (ரிங்கிட்) சொச்சம், சூப்பர்மார்க்கெட்ல ஆஃபர்ல அதே அளவு பாட்டில் அஞ்சு வெள்ளிக்கு கெடக்குது. அதோட இதுல நொரை வராது. நொரைக்கும் அழுக்கு போறதுக்கும் சம்பந்தம் இல்லன்னு அந்தப் புள்ள சொல்லுச்சு, சரிதான், ஆனா அத எங்கம்மாகிட்ட யாரு சொல்றது. நொரை வர்ற வரைக்கும் ஊத்துறாங்க. ஒரு மாசம் வர வேண்டியது பன்னெண்டு நாள்ல காலி. ஆக எங்க வீட்டு கணக்குப்படி இது நாலு மடங்கு வெல.

ஷாம்பு கட்டி 22 வெள்ளி. வாங்குறப்ப கை நடுங்குச்சு. ஆனா ரெண்டரை மாசம் வந்துச்சு, முடியும் நல்லா இருக்கு, தண்ணி நிக்காத எடத்துல வைக்கணும் அவ்ளோதான். இதுக்காகவே கடைக்கு திரும்ப போவேன். மூங்கில் பல்லு பிரஷ் ஒம்பது வெள்ளி, மூணே வாரத்துல அடில கருப்பா பூசணம் புடிச்சிடுச்சு, நம்ம ஊரு காத்துல இருக்குற ஈரத்துக்கு மூங்கில் எப்டி தாங்கும், கவுத்து மாட்டி வைங்கன்னாங்க, மாட்டுனேன், அப்பயும் புடிச்சுது. வாங்காதீங்க.

பருப்பு பத்தி கொஞ்சம் பேசணும். துவரம்பருப்பு 100 கிராம் 1 வெள்ளி 40 காசு, அதாவது கிலோ 14 வெள்ளி. அஞ்சு நிமிஷம் நடந்து லிட்டில் இந்தியாக்கு போனா மளிகைக்கடைல கிலோ எட்டு வெள்ளி, அதுவும் மூட்டைய தொறந்து வச்சு அள்ளித்தான் போடுறாங்க. நம்ம டப்பாவ நீட்டுனா அதுலயே போட்டுத் தருவாங்க, நான் கேட்டுப் பாத்தேன், கடைக்கார அண்ணன் ஒரு மாதிரி பாத்துட்டு போட்டுக் குடுத்தாரு. எங்க தாத்தா தோட்டத்துல இருந்தப்ப எண்ணெய்க்கு பாட்டில் எடுத்துட்டு போறதும் சீனி பேப்பர் பொட்டலத்துல வர்றதும் சாதாரண விஷயம், இப்ப அதையே பளபளன்னு கண்ணாடி ஜாடில வச்சு ஆறு வெள்ளி கூட போட்டு விக்கிறாங்க. அந்தப் புள்ளகிட்ட இந்தப் பருப்பு உங்களுக்கு எதுல வருதுன்னு கேட்டேன், பின்னாடி காட்டுச்சு, 25 கிலோ பிளாஸ்டிக் சாக்கு. ஒரு பெரிய சாக்கு 25 சின்ன பாக்கெட்ட விட கம்மி பிளாஸ்டிக்தான், அத ஒத்துக்கறேன். மளிகைக்கடைலயும் அதே சாக்குதான்னும் சொல்லிடுறேன்.

அப்பறம் துணிப்பை. பச்ச இலை படம் போட்டது 25 வெள்ளி. கல்யாணத்துல தாம்பூலத்தோட சும்மா குடுக்குற மஞ்சப்பை எங்க வீட்டு அலமாரில பன்னெண்டு கெடக்குது. தமிழ்நாட்டுல 2019 ஜனவரி 1லேர்ந்து ஒரு தடவ தூக்கிப் போடுற பிளாஸ்டிக்க தட பண்ணி, 2021 கடைசில மஞ்சப்பைய திரும்ப கொண்டு வர்றதுக்குன்னே ஒரு திட்டம் போட்டாங்க, அதாவது அங்க மொதல்ல தட வந்துச்சு, பின்னாலதான் பை. இங்க செவுத்துல பைய மாட்டிட்டு உன் மனசாட்சிப்படி வாங்கிக்கோன்னு விட்டாச்சு. இன்னொன்னு, பிரிட்டன்ல சுற்றுச்சூழல் முகமை 2011ல வெளியிட்ட ஒரு ஆய்வுல, பருவநிலை பாதிப்ப மட்டும் பாத்தா ஒரு பருத்திப் பைய 131 தடவையாவது பாவிச்சாத்தான் ஒரு தடவ பாவிச்சு தூக்கிப் போடுற சாதாரண பிளாஸ்டிக் பைக்கு ஈடாகும்னு வந்துச்சு. வாரம் ஒரு தடவ கடைக்குப் போனா ரெண்டரை வருஷம். அழகா இருக்கேன்னு புதுசு புதுசா வாங்கி அடுக்குறவங்களுக்கு இது தெரியணும். நான் வாங்கல.

இனிமே போஸ்டர். காசு கட்டுற எடத்துக்கு மேல மூணு மொழில பெருசா ஒட்டியிருக்காங்க. உலகத்த மாத்துற சக்தி உங்க கூடைலதான் இருக்குன்னு அர்த்தம் வர்ற மாதிரி மலாய்லயும் சீனத்துலயும் இருக்கு போல. தமிழ்ல "உங்கள் தேர்வு பூமியை சேமி"ன்னு இருக்கு. நான் ஏதோ பூமிய பேங்க்ல போட்டு வைக்கிற மாதிரி. எழுத்த விடுங்க, எனக்கு அந்த கருத்துலதான் தகராறு.

மூணாவது தடவ என் மச்சான் கூட வந்தாரு, தங்கச்சி வீட்டுக்காரரு, பிறைங்கிற ஊர்ல ஒயரிங் வேல பாக்குறாரு, டீசல் பிக்கப் வச்சிருக்காரு. போஸ்டர படிச்சுட்டு சிரிச்ச சிரிப்புல எனக்கு வெளிய போயிடலாம்னு ஆயிடுச்சு. "மச்சான், 2024 ஜூன் 10ந் தேதி ராத்திரி டீசல் 2 வெள்ளி 15 காசுலேர்ந்து 3 வெள்ளி 35 காசுக்கு ஏறுச்சுல்ல, அந்த வாரமே நான் ரெண்டு எடத்து வேலைய ஒரே ட்ரிப்ல முடிக்க கத்துக்கிட்டேன், எந்தப் போஸ்டர பாத்து கத்துக்கிட்டேன்னு கேளுங்க"ன்னாரு. அவரு சொல்றது உண்மை. ஆனா அதே வாயால அந்த வெலையேத்தத்த திட்டாத நாள் இல்ல, மாசம் 200 வெள்ளி உதவித்தொகை வந்தப்ப, அது எந்த மூலைக்குன்னு கேப்பாரு. சட்டம் போட்டா எல்லாம் நேராயிடும்னு பேசுறவங்க இந்தப் பக்கத்தையும் பாக்கணும், சொமை எப்பவும் பிக்கப் வச்சு பொழைக்கிறவன் தோள்லதான் மொதல்ல ஏறுது.

இதுல இன்னொரு கூத்து. நான் சுங்கை ஆராலேர்ந்து காடில போறேன், ஒரு வழிக்கே பதினஞ்சு கிலோமீட்டர் கிட்ட வரும். 2025 செப்டம்பர் 30லேர்ந்து மைகார்ட் (அடையாள அட்டை) காட்டுனா பெட்ரோல் லிட்டர் 1 வெள்ளி 99 காசுன்னு ஆச்சு, ஆரம்பத்துல மாசம் 300 லிட்டர் வரைக்கும். அரசாங்கமே தள்ளுபடி போட்டு காடி ஓட்டுன்னு அனுப்புது, கடை போஸ்டர் உன் தேர்வு உலகத்த மாத்தும்னு சொல்லுது, நான் நடுவுல நாலு காலி போத்தல பின் சீட்டுல உருட்டிக்கிட்டு பாயான் லெப்பாஸ் ஜாம்ல நிக்கிறேன். பஸ்ல போகலாம்தான், மாறி மாறி போய் கண்ணாடி ஜாடியோட திரும்பி வர்றதுக்கு அரை நாள் போயிடும். எல்ஆர்டி ரயில் வேலை 2025லதான் ஆரம்பிச்சுது, அது வந்தா நான் காடிய வீட்டுல போடுவேன், சத்தியமா போடுவேன், ஆனா ரயில் பாதைய நான் கடைல தேர்ந்தெடுத்து வாங்க முடியாதே.

எங்கம்மா கதைய சொன்னா இன்னும் புரியும். 2009 ஜூலைல பினாங்குல திங்கக்கிழமை மட்டும் பிளாஸ்டிக் பை சும்மா கெடயாதுன்னு ஆரம்பிச்சாங்க. மொத வாரம் அம்மா மறந்துட்டுப் போய் வெங்காயம், தேங்கா, சோப்பு எல்லாத்தையும் ரெண்டு கையால அணைச்சுக்கிட்டு பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்து வந்து, வீட்டுக்கு வந்து மாநில அரசாங்கத்தையே திட்டுனாங்க. அடுத்த வருஷம் திங்கள், செவ்வாய், புதன்னு ஆச்சு, 2011 ஜனவரிலேர்ந்து எல்லா நாளும், பை வேணும்னா அப்ப 20 காசு. வசூலாகுற காசு ஏழைங்களுக்கான நிதிக்குப் போகுதுன்னாங்க. இருவது காசு ஒரு காசா? அம்மா கழுத்துல போட்டிருக்குற சங்கிலிய வித்தா எத்தன லட்சம் பை வாங்கலாம், ஆனா அந்த இருவது காச குடுக்குறத கௌரவப் பிரச்சனையா எடுத்துக்கிட்டாங்க. பதினஞ்சு வருஷமா ஹேண்ட்பேக்ல மடிச்ச பை இல்லாம வாசல்படி தாண்டுறதில்ல. பூமி, பருவநிலை, ஒண்ணும் கெடயாது. அயர்லாந்துல 2002ல பைக்கு 15 சென்ட் வரி போட்டப்ப பை பாவிக்கிறது தொண்ணூறு சதவீதம் கிட்ட கொறஞ்சுதாம், அங்கயும் எங்கம்மா மாதிரி ஆளுங்கதான் போல.

ஓட்டையும் இருக்கு, மறைக்க மாட்டேன். காலைல பசார்ல மீன்காரன் இன்னிக்கும் ஒரு மீனுக்கு ரெண்டு பை போட்டுத்தான் குடுக்குறான், யாரும் கேக்கல. முன்னாடி கடைப் பைலதான் குப்ப கட்டுவோம், இப்ப குப்பைக்குன்னு கருப்பு பை ரோல் காசு குடுத்து வாங்குறோம். ஆனாலும் எங்க வீட்டுல வந்த மாத்தம் அந்த திங்கக்கிழமைலேர்ந்து வந்ததுதான், எந்த ஜாடியும் கொண்டு வரல.

பெரிய விஷயத்துக்கு வந்தா ஜாடி இன்னும் சின்னதாயிடுது. 2018ல சீனா வெளிநாட்டு பிளாஸ்டிக் குப்பைய வாங்க மாட்டேன்னு கதவ சாத்துனதும் அதெல்லாம் நம்ம பக்கம் வந்து கொட்டுச்சு. 2020 ஜனவரில, அப்ப சுற்றுச்சூழல் அமைச்சரா இருந்த இயோ பீ யின் 150 கொண்டெய்னர் குப்பைய அந்தந்த நாட்டுக்கே திருப்பி அனுப்பியாச்சுன்னு அறிவிச்சாரு, மூவாயிரத்து எழுநூறு டன்னுக்கு மேல, பினாங்கு துறைமுகத்துல கெடந்ததும் அதுல உண்டு. நான் வருஷம் பூரா மிச்சப்படுத்துற போத்தல ஒரு சின்ன பெட்டிக்குள்ள போட்டுடலாம். அந்த 150 கொண்டெய்னர ஷாம்பு கட்டி வாங்குனவங்களா திருப்பி அனுப்புனாங்க? கஸ்டம்ஸ் அதிகாரமும் சட்டமும் அனுப்புச்சு. 2022 ஜனவரில பூலாவ் பூரோங் குப்பைமேடு எரிஞ்சப்ப நிபோங் திபால்ல இருக்குற எங்க பெரியம்மா வீட்டுல ஜன்னல தொறக்க முடியாம கெடந்தாங்க. அவங்களும் குப்பைய பிரிச்சுப் போடுறவங்கதான், 2017 ஜூன்லேர்ந்து இங்க அது கட்டாயமாச்சுல்ல. பொகை அதெல்லாம் பாத்துட்டா வருது.

2017 நவம்பர் வெள்ளம் இன்னும் மறக்கல. அப்ப நாங்க சுங்கை பினாங்கு பக்கம் இருந்தோம், ராத்திரில தண்ணி இடுப்பு வரைக்கும், மெத்தை, ஃப்ரிட்ஜ், கல்யாண ஆல்பம் எல்லாம் போச்சு, மாநிலத்துல ஏழு பேர் செத்தாங்க. ஒரே ஒரு மழைய வச்சு இது பருவநிலை மாத்தம்னு அடிச்சு சொல்ல முடியாதுன்னு எனக்குத் தெரியும். ஆனா அந்தத் தண்ணி வந்தப்ப எங்க வீட்டு கூடைல என்ன இருந்துச்சுன்னு பாத்துட்டு வரல.

இவ்ளோத்தையும் நான் கொஞ்சம் சூடாவே அந்தப் புள்ளகிட்ட பேசிட்டேன், பாவம். அது சோப்பு தண்ணிய நெறப்பிக்கிட்டே கேட்டுட்டு, "சரிண்ணே, சட்டம் வேணும்னு நானும்தான் சொல்றேன், எங்க இருக்கு அந்தச் சட்டம்?"னு கேட்டுச்சு. எனக்கு பதில் வரல. பருவநிலை மாத்தத்துக்குன்னு நாட்டுல ஒரு தனி சட்டம் வரப்போகுதுன்னு வருஷக் கணக்கா பேச்சு ஓடிக்கிட்டு இருந்துச்சு, 2024ல பொதுமக்கள்கிட்ட கருத்தெல்லாம் கேட்டாங்க. அதே வருஷம் அக்டோபர்ல பட்ஜெட்ல பிரதமர் அன்வார், இரும்பு, எஃகு, எரிசக்தி துறைக்கு 2026க்குள்ள கார்பன் வரின்னு அறிவிச்சாரு. 2050ல நிகர பூஜ்யம்னு, அதாவது விடுற பொகையும் திரும்ப உறிஞ்சுறதும் சமமாகணும்னு இலக்கு வேற. நமக்கு வயசு இருக்காது, அந்தப் புள்ளைக்கு இருக்கும். "அது வர்ற வரைக்கும் இந்தக் கடைல நின்னு போத்தல் நெறப்புனா ஒண்ணும் கெட்டுப் போகாதுல்லண்ணே, சம்பளமும் வருது"ன்னு சிரிச்சுச்சு.

அது அவ்ளோ லேசா சொன்னதுக்கு அப்பறம் எனக்கு எஸ்.எம். முகமது இத்ரீஸ் ஐயா ஞாபகம் வந்துச்சு. பினாங்கு பயனீட்டாளர் சங்கத்துக்கு எத்தனையோ வருஷம் தலைவரா இருந்தவரு, 2019 மே மாசம் தவறிப் போனாரு. சின்ன வயசுல சங்கத்துலேர்ந்து எங்க தமிழ்ப்பள்ளிக்கு வந்து சீனிய கொறைங்க, கலர் தண்ணி குடிக்காதீங்கன்னு படம் காட்டிட்டு போவாங்க, எங்களுக்கு போர் அடிக்கும். ஆனா அதே சங்கம்தான் எழுபதுகள்ல பிறை தொழிற்பேட்டை கழிவால ஜூரு ஆறு கெட்டு கோலா ஜூரு மீனவங்க பொழப்பு போனப்ப அவங்க கூட நின்னு அரசாங்கத்த விடாம கேட்டது. அந்த மீனவங்ககிட்ட போய் உங்க தேர்வ மாத்துங்கன்னு சொல்ல முடியுமா, அவங்களுக்கு இருந்தது ஒரே ஆறு. சீனிக்கு வீடு வீடா பேசுனாங்க, ஆத்துக்கு அரசாங்கத்து கதவ தட்டுனாங்க. இந்தக் கடை போஸ்டர்ல முதல் பாதி மட்டும்தான் இருக்கு, அதான் எனக்கு அரிக்குது. ஆன்ட்டிகிட்ட சொன்னேன், மலாய்ல, எனக்கு தெரிஞ்ச அளவுக்கு. பக்கத்துலயே உங்க தொகுதி எம்பிக்கு எழுதுங்கன்னு ஒரு தாள வைக்கலாம்லன்னு. கொஞ்ச நேரம் என்னைய பாத்துட்டு, லைசென்ஸ் புதுப்பிக்கிற நேரம், அந்த வம்பே வேணாம் தம்பின்னாங்க. அதுக்கு மேல நான் என்ன பேச. தமிழ் வரிய மட்டும் திருத்தி ஒரு தாள்ல எழுதிக் குடுத்துட்டு வந்தேன், போன மாசம் வரைக்கும் பழைய தாள்தான் தொங்குது.

ஆக வாங்கலாம்னா ஷாம்பு கட்டி, துணி சோப்பு தூள் (நல்லா போகுது, வெலையும் பரவால்ல), தேங்கா எண்ணெய். வேணாம்னா மூங்கில் பிரஷ், துணிப்பை, மசாலா தூள். மசாலா தூள் ஜாடில திறந்து திறந்து மூடி வாசனையே போயிருக்கு, எங்கம்மா மோந்து பாத்துட்டு மூடி வச்சுட்டாங்க, மில்லுல அரைச்சுக்கோங்க. பருப்புக்கு டப்பாவ தூக்கிட்டு நேரா லிட்டில் இந்தியா. சோப்பு தண்ணி உங்க வீட்டுல நொரை பாக்குற ஆள் இருக்காங்களா இல்லையான்றத பொறுத்தது.

பார்க்கிங் ரொம்ப கஷ்டம், காலைல பத்தரைக்குள்ள போயிடுங்க. கார்டு எடுக்குறாங்க, இ-வாலட்டும் எடுக்குறாங்க. போத்தல நல்லா காய வச்சு எடுத்துட்டு போங்க, ஈரமா இருந்தா பருப்பு போட மாட்டாங்க, என்னைய ஒரு தடவ திருப்பி அனுப்பிட்டாங்க. திங்கக்கிழமை கடை லீவு, வாசல்ல எழுதியும் வைக்கல, நான் ரெண்டு தடவ போய் கதவ பாத்துட்டு வந்தேன்.